நாய்க்குட்டியின் இருதயத்தில் ஒரு சத்தம்

பெஹாலா: தடுப்பூசி போடத்தான் குட்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். ஊசியை எடுக்குமுன் டாக்டர் வழக்கப்படி ஸ்டெதஸ்கோப்பை அதன் விலாவில் வைப்பார். வைத்தவர் உடனே எடுக்கமாட்டார். இடப்பக்கம் ஒரு தடவை, வலப்பக்கம் ஒரு தடவை, மறுபடியும் இடப்பக்கம் என்று கேட்டுவிட்டு, "இருதயத்தில் ஒரு சத்தம் கேட்கிறது. பிறவியிலேயே வந்ததாக இருக்கலாம்" என்பார். மேஜைமேல் வாலை ஆட்டிக்கொண்டு அவர் கையையே நக்கிக்கொண்டிருக்கும் மூன்று மாதக் குட்டிக்கு இருதய வியாதி என்றால் யார்தான் நம்புவார்கள்?

பெஹாலா, தாராதலா, டயமண்ட் ஹார்பர் ரோடு பக்கங்களில் குடியிருக்கும் நம்மவர் வீட்டில் நாய் வளர்ப்பது இன்று அதிசயமல்ல. ஊரில் திண்ணையோடு நின்றுவிட்ட நாய், இங்கே இரண்டு அறை வாடகை வீட்டில் கட்டிலடியில் படுத்துக்கொள்கிறது. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய குட்டியாக இருக்கும். பிள்ளைகள் பெயரும் வைத்திருப்பார்கள். அந்த நேரத்தில் இப்படி ஒரு செய்தி வந்தால் வீடே கலங்கிப் போகிறது.

கலக்கத்தில் எடுக்கும் முடிவுகள்தான் பெரும்பாலும் தவறாகின்றன. "சார், மேற்கொண்டு செலவு பண்ணாதீங்க, கொண்டுபோய் எங்கேயாவது விட்டுட்டு வேற குட்டி வாங்குங்க" என்று எதிர்வீட்டுக்காரர் சொல்வார். "தயிர்சாதம் போட்டு வளர்த்ததால் வந்ததோ?" என்று வீட்டம்மாள் தன்னையே நொந்துகொள்வார். இரண்டுமே சரியல்ல. பிறவி இருதயக் கோளாறு ஒரே வியாதியல்ல. பல வியாதிகளுக்குப் பொதுவான பெயர். அவற்றுள் அடைத்துச் சரிசெய்யக் கூடியதும் உண்டு, மருந்தோடும் நிதானத்தோடும் வருஷக்கணக்கில் வாழ விடுவதும் உண்டு, இளமையிலேயே உயிரைக் கொண்டுபோவதும் உண்டு. நம் குட்டிக்கு வந்தது எது என்று தெரியாமல் அழுவதும் வீண், விரட்டுவதும் பாவம்.

சத்தம் எப்படி வருகிறது?

குழாயில் தண்ணீர் ஒழுங்காக ஓடும்போது சத்தமில்லை. அதன் வாயை விரலால் பாதி அடைத்தால் சீறுகிறது. இருதயத்திலும் சங்கதி இதுதான். நாலு அறைகள், அவற்றுக்கிடையே ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவுகள், ரத்தம் வெளியேற இரண்டு பெரிய குழாய்கள். எங்காவது வழி குறுகினாலோ, கதவு சரியாக மூடாவிட்டாலோ, இருக்கக் கூடாத இடத்தில் துவாரம் இருந்தாலோ ரத்தம் சீறுகிறது. அந்தச் சீறலைத்தான் டாக்டர் கேட்கிறார்.

சத்தத்தின் பலத்தை ஒன்று முதல் ஆறு வரை படி போட்டுச் சொல்வது வழக்கம். ஒன்றாம் படி, அமைதியான அறையில் கூர்ந்து கேட்டால்தான் கேட்கும். ஆறாம் படியில் ஸ்டெதஸ்கோப்பை மார்பிலிருந்து சற்றுத் தூக்கினாலும் கேட்கும். விலாவில் கை வைத்தாலே அதிர்வு தெரியும். முதல் இரண்டு படிகளில் உள்ள மெல்லிய சத்தம் பல குட்டிகளுக்கு வளரும் பருவத்தில் வந்து, நாலைந்து மாதத்துக்குள் தானாகவே மறைந்துவிடுகிறது. அது வியாதியே அல்ல. ஆகவே மெல்லிய சத்தமானால் டாக்டர் சொல்லும் நாளில் மறுபடி காட்டினால் போதும். மூன்றாம் படிக்கு மேற்பட்டாலும், நாலைந்து மாதமாகியும் மறையாவிட்டாலும் எக்கோ பரிசோதனை அவசியம்.

எக்கோ என்பது காதுக்குக் கேளாத ஒலி அலையை மார்புக்குள் அனுப்பி, திரும்பி வருவதைப் படமாகக் காட்டும் கருவி. கத்தி இல்லை, வலி இல்லை. மனிதருக்குச் செய்வது போலவேதான். எந்தக் கதவு, எவ்வளவு குறுகல், ரத்தம் எவ்வளவு வேகம் என்பதெல்லாம் இதில் தெரிந்துவிடும். எக்ஸ்ரேயும் ஈ.ஸி.ஜி.யும் துணைக்கு உதவும். ஆனால் எக்கோ இல்லாமல் பிறவிக் கோளாறுக்குச் சரியான பெயர் சொல்வது கடினம்.

எந்த ஜாதிக்கு எது?

வெறும் ஸ்டெதஸ்கோப்பை வைத்தே டாக்டர் ஓரளவு ஊகிப்பதற்குக் காரணம் உண்டு. இந்தக் கோளாறுகள் ஜாதியை ஒட்டி வருபவை.

பொமரேனியன், பூடில், அல்சேஷன் குட்டிகளில் காணப்படுவது மூடாத குழாய். குட்டி தாயின் வயிற்றில் இருக்கும்போது நுரையீரலுக்கு வேலை இல்லை. அதனால் நுரையீரல் குழாயையும் உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் மகா தமனியையும் இணைக்க ஒரு சிறு வாய்க்கால் இருக்கும். பிறந்த சில நாட்களில் அது அடைபட வேண்டும். அடைபடாவிட்டால் இயந்திரம் ஓடுவதுபோல இடைவிடாத சத்தம் கேட்கும். பெண் குட்டிகளுக்கே இது அதிகம்.

கோல்டன் ரிட்ரீவர், ராட்வீலர், பாக்ஸர், நியூஃபவுண்ட்லாண்ட் ஜாதிகளில் மகா தமனியின் கதவுக்குக் கீழே தசைநார் வளர்ந்து வழி குறுகுகிறது. இது குட்டி வளர வளரக் கூடக் கூடியது. மூன்று மாதத்தில் லேசாகக் கேட்டது ஒரு வயதில் பலமாகலாம். ஆகவே வளர்ந்து முடிந்தபின் மறுபடி பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்வார்கள்.

பீகிளுக்கும் புல்டாக்குக்கும் நுரையீரல் குழாயின் கதவு குறுகுவது உண்டு. லாப்ரடாருக்கு வலப்பக்கக் கதவு சரியாக உருவாகாத கோளாறு பரம்பரையாக வருகிறது. டாபர்மன் விஷயம் வேறு. குட்டியாக இருக்கையில் ஒன்றுமே தெரியாது; நடுவயதை நெருங்கும்போது இருதயத் தசை பலவீனப்பட்டு, பலூன்போல் விரிந்துவிடும். ஐரோப்பாவில் டாபர்மன்களைப் பல வருஷங்கள் கவனித்து 2010-ல் வெளிவந்த ஆய்வொன்று, பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு இந்த வியாதி வாழ்நாளில் வருவதாகக் கண்டது. டாபர்மன் வளர்ப்பவர்கள் நாய் திடமாக இருந்தாலும் வருஷா வருஷம் இருதயத்தைப் பரிசோதிக்க வேண்டும் என்பது இதனால்தான்.

தெருவில் திரியும் நாட்டு நாய்க்கு இவை வரவே வராது என்று சொல்ல முடியாது. ஆனால் குறிப்பிட்ட சில முன்னோர்களிடமிருந்து பெருக்கப்பட்ட ஜாதி நாய்களில்தான் ஒரே குறை திரும்பத் திரும்பத் தலைதூக்குகிறது. நம் ராஜபாளையம் நாயில் வெள்ளை நிறத்தோடு காது கேளாமையும் சேர்ந்து வருவதைக் கேள்விப்பட்டவர்களுக்கு இது விளங்கும். நாய்களின் பிறவி இருதயக் கோளாறுகள் பரம்பரையாக வருபவை என்பதை அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனால்ட் பாட்டர்சன் 1960-களிலும் 70-களிலும் செய்த ஆராய்ச்சிகள் நிலைநாட்டின. எனவே வீட்டம்மாள் தன்னை நொந்துகொள்ள வேண்டியதில்லை. தயிர்சாதமும் காரணமல்ல, கண்ணேறும் காரணமல்ல. கோளாறு குட்டி வீட்டுக்கு வருமுன்பே அதனோடு இருந்தது.

கைவிட வேண்டிய வியாதியா?

மூடாத குழாயை முதலில் சொல்ல வேண்டும். ஏனென்றால் இதில்தான் காலம் கடத்தினால் பெரிய நஷ்டம். கவனிக்காமல் விட்டால் இந்தக் கோளாறுள்ள குட்டிகளில் பாதிக்கு மேல் கண்டுபிடித்த ஒரு வருஷத்துக்குள் இறந்துவிடும். நேரத்தில் குழாயை அடைத்துவிட்டாலோ மற்ற நாய்களைப் போலவே வாழும். அறுவை செய்து நூலால் கட்டலாம். தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி அடைப்பான் வைத்தும் மூடலாம். மனிதக் குழந்தைக்கு இதே அறுவையை 1938-ல் பாஸ்டனில் ராபர்ட் கிராஸ் என்ற சர்ஜன் முதலில் வெற்றிகரமாகச் செய்தார்.

நுரையீரல் குழாய்க் குறுகலுக்கு, உள்ளே சிறு பலூனை அனுப்பி ஊதி விரிக்கும் முறை இருக்கிறது. மகா தமனிக் குறுகலுக்கு அவ்வளவு நல்ல வழி இன்னும் இல்லை. லேசானதானால் நாய் முழு ஆயுளும் வாழலாம், மருந்துகூட வேண்டியிராது. கடுமையானதானால் மூன்று வயதுக்குள் திடீரென்று விழுந்து இறக்கும் அபாயம் உண்டு. இருதயத்தின் வேகத்தைத் தணிக்கும் மாத்திரை கொடுத்து, ஓட்டத்தைக் குறைத்துக் காப்பாற்றிப் பார்ப்பார்கள்.

டாபர்மன் வியாதியில் 2012-ல் ஒரு நல்ல செய்தி வந்தது. வெளியே அறிகுறி தெரியுமுன்பே பிமோபெண்டான் என்ற மருந்தை ஆரம்பித்தால், இருதயம் தளர்வதோ திடீர் மரணமோ நேரும் வரையிலான காலம் நடுமட்டக் கணக்கில் 441 நாளிலிருந்து 718 நாளாக நீண்டது. ஒன்பது மாதம் கூடுதல். நாயின் ஆயுளில் அது சிறிய காலமல்ல.

இந்தியாவிலும் கதவுகள் திறந்து வருகின்றன. 2020-ன் இறுதியில் டில்லியில் ஏழரை வயது காக்கர் ஸ்பானியல் நாய்க்கு பேஸ்மேக்கர் பொருத்தினார்கள். 2024 மே மாதம் அதே டில்லியில் ஏழு வயது பீகிள் ஒன்றின் கசியும் இருதயக் கதவை, மார்பை முழுதும் திறக்காமலே கிளிப் போட்டுச் சரிசெய்தார்கள். இவை பிறவிக் கோளாறுகள் அல்ல. செலவும் குமாஸ்தா சம்பளத்துக்கு எட்டாதது. ஆனாலும் நாயின் இருதயத்தில் கை வைக்க இங்கும் ஆள் உண்டு என்பது தெரிகிறது.

இந்த இடத்தில் ஒரு கடனையும் நினைக்க வேண்டும். 1944-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில், நீலம் பாரித்துப் பிறந்த குழந்தைகளுக்கான அறுவை முதன்முதல் நடந்தது. அதற்கு முன் ஆய்வுக்கூடத்தில் விவியன் தாமஸ் என்ற உதவியாளர் அந்த முறையை நாய்களிடம் செய்து பார்த்துத்தான் பக்குவப்படுத்தினார். பிழைத்து நீண்ட நாள் வாழ்ந்த அன்னா என்ற நாயின் சித்திரத்தை அங்கே மாட்டி வைத்தார்கள். இன்று எத்தனையோ குழந்தைகள் இருதய அறுவையால் பிழைக்கிறார்கள் என்றால் அதில் நாய்களுக்கும் பங்கு இருக்கிறது.

எங்கே காட்டுவது?

கொல்கத்தாவில் கால்நடை மருத்துவத்துக்குப் பழைய இடம் பெல்காச்சியா. 1893-ல் தொடங்கிய வங்காள கால்நடைக் கல்லூரியின் இடம் அது. 1995 முதல் மேற்கு வங்க விலங்கு மற்றும் மீன்வள அறிவியல் பல்கலைக்கழகமாக இயங்குகிறது. பெஹாலாவிலிருந்து நகரின் மறுகோடி என்றாலும் போய்வர முடியாத தூரமல்ல. பக்கத்துத் தனியார் டாக்டரிடம் காட்டினாலும் சரி, பெல்காச்சியா போனாலும் சரி, நாய்க்கு எக்கோ எடுக்க அங்கே வசதி உண்டா, எந்தக் கிழமை, என்ன செலவு என்று முதலில் விசாரித்துக்கொண்டு கிளம்புவது புத்திசாலித்தனம். எக்கோ அறிக்கையைப் பத்திரப்படுத்த வேண்டும். அடுத்த வருஷம் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் ஆதாரம்.

லீவில் ஊருக்குப் போகும்போது சென்னை வேப்பேரியில் 1903 முதல் நடந்துவரும் கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. நினைப்பு நல்லதுதான், பிரயாணம்தான் யோசிக்க வேண்டியது. ரயிலில் நாயைக் கூட அழைத்துப் போக முதல் வகுப்பில் ஒரு கூபேயோ காபினோ முழுதும் நம் பெயரில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கார்டு வண்டியிலுள்ள நாய்க் கூண்டில்தான் போக வேண்டும். சென்னைக்கு ஒரு நாளுக்கு மேற்பட்ட ஓட்டம். சித்திரை வெய்யிலில் அந்தக் கூண்டு திடமான நாய்க்கே கஷ்டம். இருதயம் பலவீனமான குட்டிக்கு ஆபத்து. டாக்டரைக் கேட்காமல், கோடைக்காலத்தில், கூண்டில் ஏற்றக் கூடாது. முடியுமானால் அறிக்கையை மட்டும் எடுத்துப்போய் அங்குள்ள டாக்டரிடம் காட்டி யோசனை கேட்கலாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

டாக்டர் மாதம் ஒரு தடவை பார்ப்பார். மீதி நாளெல்லாம் பார்ப்பவர்கள் வீட்டார். அவர்களால் செய்யக் கூடியது, செலவே இல்லாதது, ஆனால் மிகப் பயனுள்ளது ஒன்று இருக்கிறது: மூச்சை எண்ணுவது.

நாய் நன்றாகத் தூங்கும்போது அதன் விலா ஏறி இறங்குவதை ஒரு மூச்சாகக் கணக்கிட்டு, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். முப்பதுக்குள் இருந்தால் கவலையில்லை. வழக்கமான எண்ணிக்கையிலிருந்து நாளுக்கு நாள் ஏறினாலும், முப்பதைத் தாண்டி நின்றாலும் நுரையீரலில் நீர் கோக்க ஆரம்பிக்கிறது என்று சந்தேகிக்கலாம். அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும். பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே இதையும் குறித்து வரலாம். பத்து வயதுப் பிள்ளையிடம் இந்த வேலையை ஒப்படைத்தால் ஒழுங்காகச் செய்யும். தன்னால் ஆன உதவி என்ற ஆறுதலும் அதற்குக் கிடைக்கும்.

நடை வேண்டாம் என்றில்லை. ஆனால் பந்து வீசி மூச்சுவாங்க ஓடவிடுவது, மாடிப்படியில் விரட்டுவது கூடாது. சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் விடியுமுன் சிறிது நேரம், இருட்டியபின் சிறிது நேரம் போதும். கழுத்துப் பட்டையைவிட மார்போடு சேரும் வார் நல்லது. துர்க்கா பூஜையின்போது பந்தலுக்குப் பந்தல் முழங்கும் டாக் மேளமும், காளி பூஜை வெடியும் பயந்த நாயின் இருதயத்தைத் தாறுமாறாக ஓட வைக்கும். அந்த நாட்களில் உள் அறையில் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை ஓடவிட்டு, வீட்டில் ஒருவர் கூட இருப்பது நல்லது.

சாப்பாட்டில் நம் வீடுகளுக்கென்றே சில எச்சரிக்கைகள் உண்டு. அப்பளம், ஊறுகாய், கருவாடு, மீந்த குழம்பு எல்லாமே உப்பு. இருதயம் தளர்ந்த நாய்க்கு உப்பு கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தத்தையே கெடுப்பவை. ஆகவே வெங்காய சாம்பார் விட்டுப் பிசைந்த சோறு எந்த நாய்க்குமே வேண்டாம். உலர்ந்த திராட்சை போட்ட பாயசமும் அப்படியே. சாதத்தோடு உப்பில்லாமல் வேகவைத்த கோழி, முட்டை, காய் என்று டாக்டரைக் கேட்டுத் திட்டம் செய்துகொள்ளலாம்.

நீர் பிரிய மாத்திரை கொடுத்தால் நாய் அதிகம் தண்ணீர் குடிக்கும், அடிக்கடி சிறுநீர் கழிக்கும். அசிங்கம் செய்கிறதென்று அடிப்பதும் தண்ணீரை மறைத்து வைப்பதும் தவறு. வீட்டுப் பெரியவருக்கு எழுதிக் கொடுத்த இருதய மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுப்பதும் கூடாது. மருந்து ஒன்றாக இருந்தாலும் அளவு வேறு.

மயங்கி விழுந்தால் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, காற்று வரவிட்டு, ஈறும் நாக்கும் எந்த நிறத்தில் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். நீலமாகவோ வெளுத்தோ இருந்தால் நேரம் கடத்தாமல் டாக்ஸி பிடிக்க வேண்டும். இரவில் திறந்திருக்கும் வைத்தியசாலையின் நம்பரை முன்கூட்டியே சுவரில் எழுதி வைப்பது நலம். வேறு எந்தக் காரணத்துக்காக மயக்க மருந்து கொடுத்தாலும், பல் சுத்தம் செய்தாலும், இருதயக் கோளாறு இருப்பதை அந்த டாக்டரிடம் முதலில் சொல்லியாக வேண்டும்.

மறைக்கக் கூடாத கடமை

இந்த நாயை இனவிருத்திக்கு விடக் கூடாது. லேசான கோளாறுதானே, பார்க்கத் திடமாகத்தானே இருக்கிறது என்று விடுவதால்தான் வியாதி தலைமுறை தாண்டுகிறது. லேசாக உள்ள தாய்க்குக் கடுமையாக உள்ள குட்டி பிறக்கலாம். குட்டியை விற்றவரிடமும் செய்தியைச் சொல்ல வேண்டும். சண்டை போட அல்ல. அதே ஈற்றில் பிறந்த மற்றக் குட்டிகள் வேறு வீடுகளில் ஓடி விளையாடிக்கொண்டிருக்கும், அவற்றையும் பார்க்கச் சொல்லத்தான்.

2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி, நாய்களை இனவிருத்தி செய்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. பதினெட்டு மாதம் ஆகாத பெண் நாயை ஈனவிடக் கூடாது. ஆயுளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. அடுத்த குட்டி வாங்குகிறவர்கள் பதிவுச் சான்றைக் கேட்பதோடு, தாய் தகப்பனின் இருதயத்தைப் பரிசோதித்ததுண்டா என்றும் கேட்கப் பழக வேண்டும். கேட்பவர் பெருகினால்தான் விற்பவர் திருந்துவார்.

தெருவில் விடுவது பற்றியும் சட்டம் இருக்கிறது. பசி தாகத்தால் துன்பப்படும்படி பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் வருஷத்து வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் இன்றும் 50 ரூபாயைத் தாண்டாது. தண்டனை சிறியதென்பதால் செய்கை சிறியதாகிவிடாது. மருந்துக்கு வழியில்லாவிட்டால் அதை டாக்டரிடமே வாய்விட்டுச் சொல்லலாம். எது இல்லாமல் முடியாது, எதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் பிரித்துச் சொல்வார்.

எல்லாம் செய்தும் சில குட்டிகள் பிழைப்பதில்லை. மூச்சு தணியாமல் படுக்கவும் முடியாமல் தவிக்கும் நிலை வந்தால், வலியில்லாமல் உறங்கவைப்பது பற்றி டாக்டரோடு பேசுவது கொடுமையல்ல. பிள்ளைகளிடமும் "ஊருக்கு அனுப்பிவிட்டோம்" என்று பொய் சொல்லாமல், அதன் இருதயம் பிறவியிலேயே பலவீனம் என்பதை முன்பே எடுத்துச் சொல்வது நல்லது. குழந்தைகள் பெரியவர்கள் நினைப்பதைவிடத் தைரியசாலிகள்.

ஆனால் அதெல்லாம் கடைசிப் பேச்சு. முதல் பேச்சு எக்கோ. சத்தம் கேட்டது என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு குட்டியின் ஆயுளைக் கணக்குப் போட யாராலும் முடியாது. மறைந்துவிடும் சத்தமா, மூடக்கூடிய குழாயா, நிதானமாக நடத்திச் செல்ல வேண்டிய குறுகலா என்பது தெரிந்த பிறகு செய்ய வேண்டியது தானாகவே தெளிவாகும். தனக்கு வியாதி இருப்பது நாய்க்குத் தெரியாது. அதன் மூச்சை எண்ணுவதும், மருந்தை வேளை தவறாமல் கொடுப்பதும், மறு தேதியில் டாக்டரிடம் காட்டுவதும் வீட்டாரின் பொறுப்பு.